கறையான் தின்னாத பக்கங்கள்: டொறத்தி மக்காடில் என்ற வரலாற்றாசிரியர்

எங்கள் ஊர் வாசிகசாலைக்கு வருகிற ஆண்டு நூறு வயது நிறைகிறது. அதற்கான நூற்றாண்டு மலரில் ஊர் வரலாற்றை எழுதும் பொறுப்பை, முப்பது வருடத்துக்கு மேலாக வரலாறு படிப்பித்தவள் என்ற ஒரே காரணத்தால், என் தலையில் ஏற்றிவிட்டார்கள். மலர்க்குழுத் தலைவர் ஓய்வுபெற்ற அதிபர். ஊரிலுள்ள பாதிப்பேருக்கு எழுத்தறிவித்தவர் என்பதால் அவருடைய சொல்லுக்கு மறுசொல் சொல்ல எவரும் துணிவதில்லை. முதற் கூட்டம் முடிந்து படலையடியில் நின்றபோது அவர் என்னிடம், "ரீச்சர், நல்லாய் எழுதுங்கோ. ஆனால் நடுநிலையாய் எழுதவேணும். நீங்களும் அந்தக் காலத்துக்குள்ளை இருந்தனீங்கள் எல்லோ, அதுதான் சொல்லுறன்" என்றார். நான் "ஓம் மாஸ்ரர்" என்று சொல்லிவிட்டு வந்தேனே தவிர, அந்த வார்த்தை வீடு வந்து சேர்ந்த பின்னரும் என்னை விடவில்லை. ஒரு காலத்துக்குள் இருந்தவர் அந்தக் காலத்தின் வரலாற்றை எழுதலாமா, எழுதினால் அதற்கு என்ன மதிப்பு என்ற கேள்வி எழும்போதெல்லாம் எனக்கு நினைவில் வருபவர், நம் ஊருக்குச் சற்றும் தொடர்பில்லாத ஓர் அயர்லாந்துப் பெண். அவருடைய பெயர் டொறத்தி மக்காடில்.

அவரை நான் அறிந்த வழியை முதலில் சொல்லவேண்டும். என் மாமா கொழும்பில் எழுதுவினைஞராக இருந்தவர், பழைய புத்தகக் கடைகளில் சம்பளத்தின் ஒரு பங்கைத் தொலைப்பவர். 1983 ஆடிக்குப் பிறகு அவர் யாழ்ப்பாணம் வந்தபோது கொண்டுவந்த ஒற்றைப் பெட்டிக்குள், மக்காடில் எழுதிய 'அயர்லாந்துக் குடியரசு' என்னும் தடித்த நூலின் மலிவுப் பதிப்பும் இருந்தது. உடுப்புகளை விட்டுவிட்டு இதை ஏன் கொண்டுவந்தாய் என்று அம்மம்மா ஏசியது எனக்கு நினைவிருக்கிறது. அந்தப் புத்தகத்தை நான் பிறகு வாசிக்கலாம், பிறகு வாசிக்கலாம் என்று வைத்திருந்தேன். 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமமே எழுந்து நடந்தபோது அது அலுமாரியிலேயே கிடந்தது. அடுத்த ஆண்டு நாங்கள் திரும்பிவந்து பார்த்தபோது, கறையான் அதன் முன்பக்கங்களை ஏறத்தாழப் பாதிவரை மண்ணாக்கியிருந்தது. எஞ்சியவை உள்நாட்டுப் போர் பற்றிய கடைசி அதிகாரங்களும் ஆவணப் பின்னிணைப்புகளும்தான். ஆகவே பல ஆண்டுகளாக நான் அந்த நூலைப் பின்னாலிருந்து மட்டுமே அறிந்திருந்தேன். அறிக்கைகளையும் உடன்படிக்கை வாசகங்களையும் மனப்பாடமாக அறிந்திருந்தும் அவற்றைத் தொகுத்த கை எப்படிப்பட்டது என்று தெரியாதிருந்தேன். முழுநூலைக் கையில் எடுத்தது, இலண்டனிலிருக்கும் என் தம்பியின் மகள் இன்னொரு பிரதியை அனுப்பிய பின்னர்தான்.

மக்காடில் 1889 இல் அயர்லாந்தின் கிழக்குக் கரையிலுள்ள டண்டோக் நகரில் பிறந்தார். தந்தை பெரிய மதுவடிசாலை ஒன்றின் உரிமையாளர், பிரித்தானிய அரசிடம் 'சேர்' பட்டம் பெற்ற கத்தோலிக்கர். தாய் இங்கிலாந்துப் பின்னணி கொண்டவர், அந்தப் பேரரசின்மேல் பற்றுள்ளவர். வீட்டில் வேலையாட்களும் வசதியும் குறைவில்லாமல் இருந்தன. புரட்டஸ்தாந்தச் சூழல் கொண்ட டப்ளின் அலெக்சாண்ட்ரா கல்லூரியில் படித்து, பின் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஆங்கில இலக்கியத்தில் முதல் வகுப்புப் பெற்று, படித்த கல்லூரிக்கே ஆசிரியையாகத் திரும்பினார். அவருடைய தம்பி கெனத் 1916 ஆடி மாதத்தில் பிரான்ஸின் சொம் போர்க்களத்தில் பிரித்தானியச் சீருடையில் இறந்தார். அதே ஆண்டின் சித்திரையில்தான் டப்ளினில் பிரித்தானிய ஆட்சிக்கு எதிராக உயிர்ப்பு ஞாயிறு வாரக் கிளர்ச்சி நடந்து, அதன் தலைவர்கள் வரிசையாகச் சுடப்பட்டிருந்தார்கள். இப்படி ஒரே வீட்டுக்குள் இரண்டு விசுவாசங்கள் இருப்பதும், ஒரு பிள்ளை ஒரு பக்கமும் மற்றப் பிள்ளை மறுபக்கமும் நிற்பதும் நமக்குப் புதினமான செய்தி அல்ல.

பின்னர் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1919 முதல் 1921 வரை பிரித்தானியாவுக்கு எதிரான கெரில்லாப் போர் நடந்தது. 1920 ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று வடக்கின் ஆறு மாவட்டங்களைப் பிரித்துத் தனி ஆட்சியாக்கியது. 1921 மார்கழியில் இலண்டனில் ஒப்பமிடப்பட்ட உடன்படிக்கை தெற்குக்குச் சுதந்திர அரசு என்ற பெயரையும் டொமினியன் தகுதியையும் (பேரரசுக்குள் இருந்துகொண்டே தன்னாட்சி) தந்தது, அரசனின் பெயர் இடம்பெறும் சத்தியப்பிரமாணத்தையும் வைத்தது. 1922 தை 7 இல் டோல் எனப்படும் அவர்களது பாராளுமன்றம் அதை 64 க்கு 57 என்ற வாக்குகளால் ஏற்றது. சபையிலிருந்த ஆறு பெண் உறுப்பினர்களும் எதிர்த்தே வாக்களித்தார்கள். அதன் பின்னர், நேற்றுவரை ஒரே பதுங்குகுழியில் கிடந்தவர்கள் ஒருவரையொருவர் சுடத் தொடங்கினார்கள்.

மக்காடில் உடன்படிக்கையை எதிர்த்த குடியரசுத் தரப்பின் தலைவர் டி வலேராவின் பக்கம் நின்றார். அதற்கு முன்னரே அவர் போராட்டத்தின் பிரசார வேலையில் ஈடுபட்டிருந்தார், நாடகங்களும் எழுதினார். மோட் கொன் என்ற புகழ்பெற்ற தேசியவாதப் பெண்மணியின் வீட்டில் அவர் குடியிருந்தார். 1922 ஆவணியில் மோட் கொன்னும் முதிய சார்லட் டெஸ்பார்டும் மக்காடிலும் சேர்ந்து கைதிகளுக்கான பெண்கள் பாதுகாப்பு அமைப்பு ஒன்றைத் தொடங்கினார்கள். கைதானவர் எங்கே இருக்கிறார், உயிரோடு இருக்கிறாரா என்று சிறைவாசலிலும் படைமுகாம் வாசலிலும் நின்று கேட்பதும், ஞாயிற்றுக்கிழமைகளில் டப்ளினின் பிரதான வீதியில் கூட்டம் கூட்டுவதும் அதன் வேலையாக இருந்தது. மக்கள் அவர்களைத் 'தாய்மார்' என்றே அழைத்தார்கள். நான் இதை வாசித்தபோது புத்தகத்தை மடித்து வைத்துவிட்டேன். கிளிநொச்சியில் 2017 மாசி 20 இல் தொடங்கிய கொட்டகையில், சட்டமிட்ட படங்களுடன் இன்றும் முறைவைத்து இருக்கும் தாய்மாரை நினைக்காமல் அந்தப் பக்கத்தைக் கடக்க என்னால் முடியவில்லை.

1922 கார்த்திகையில் மக்காடிலைச் சுதந்திர அரசின் படைகள் கைதுசெய்தன. அதே மாதத்தில் அவருடைய பிரசாரப் பணியில் வழிகாட்டியாக இருந்த ஏர்ஸ்கின் சில்டர்ஸ், கைத்துப்பாக்கி ஒன்று வைத்திருந்த குற்றத்துக்காகச் சுட்டுக்கொல்லப்பட்டார். அந்த உள்நாட்டுப் போரில் அரசு முறைப்படி நிறைவேற்றிய மரணதண்டனைகளை எழுபத்தேழு என்று குடியரசுத் தரப்பினர் எண்ணி வந்தார்கள். மவுண்ட்ஜோய், கில்மேனம் என்று சிறை மாறிச் சிறையாக மக்காடில் அடுத்த வருடம்வரை இருந்தார். 1923 சித்திரைக் கடைசியில், உண்ணாவிரதம் இருந்த இரு பெண்களை விட்டுவிட்டு வேறிடம் போக மாட்டோம் என்று மறுத்த கைதிப் பெண்களைக் காவலர்கள் கில்மேனத்தின் இரும்புப் படிக்கட்டு வழியே இழுத்துச் சென்றபோது அவரும் அங்கிருந்தார், அதைப் பற்றி எழுதியும் வைத்தார். சிறைக்குள்ளேயே சிறுகதைகளும் எழுதினார், அவை 1924 இல் நூலாக வந்தன. சிறை சென்றதற்காக அலெக்சாண்ட்ரா கல்லூரி அவரை வேலையிலிருந்து நீக்கியது. நல்ல குடும்பம், நல்ல படிப்பு, நல்ல வேலை என்று நம் ஊரில் பெண்பிள்ளைக்குச் சொல்லப்படும் மூன்றில் மூன்றாவது அத்துடன் போயிற்று. முப்பத்துநான்காவது வயதில் அவர் வரலாற்றாசிரியரானார்.

அந்த மாற்றம் பல்கலைக்கழகத்தில் நிகழவில்லை, கெரி என்னும் தென்மேற்கு மாவட்டத்தின் வீடுகளில் நிகழ்ந்தது. அங்கு 1923 பங்குனியில் நடந்தவற்றை நான் இங்கே சற்று விரிவாகவே சொல்லவேண்டும், ஏனெனில் மக்காடில் என்ற வரலாற்றாசிரியரின் பலமும் பலவீனமும் அந்த ஒரு வாரத்துக்குள் அடங்கியிருக்கின்றன. பங்குனி 6 இல் நொக்நகொஷல் என்ற இடத்தில் குடியரசுப் படையினர் வைத்த பொறிவெடியில் சுதந்திர அரசின் படையினர் ஐவர் சிதறி இறந்தனர். மறுநாள் விடியுமுன் டிராலி நகரச் சிறையிலிருந்து ஒன்பது கைதிகளை அரசுப் படையினர் பலிசீடி என்ற சந்திக்குக் கொண்டுபோய், கண்ணிவெடி ஒன்றைச் சுற்றி ஒருவரோடொருவர் பிணைத்துக் கட்டி வெடிக்க வைத்தனர். வீதித்தடையை அகற்றும்போது கைதிகள் தவறுதலாக வெடியில் சிக்கினார்கள் என்று அறிவிக்கப்பட்டது. உடல்கள் அடையாளம் காணமுடியாதபடி சிதறியிருந்ததால், முகாமிலிருந்து ஒன்பது சவப்பெட்டிகள் ஆணியடித்து உறவினரிடம் ஒப்படைக்கப்பட்டன. ஆனால் இறந்தவர்கள் எட்டுப் பேர்தான். ஸ்டீபன் புல்லர் என்ற ஒன்பதாமவர் வெடியின் வேகத்தில் தூக்கியெறியப்பட்டு, ஊர்ந்து சென்று ஒரு வீட்டில் அடைக்கலம் புகுந்திருந்தார். அவருடைய பெயரிலும் ஒரு பெட்டி நிரப்பப்பட்டிருந்தது. முகாம் வாசலிலேயே பெட்டிகளை உடைத்துத் திறந்த உறவினர்கள் கண்டதை நான் இங்கே விவரிக்கப் போவதில்லை. அதே நாளில் கில்லார்னிக்கு அருகிலும், ஐந்து நாளின் பின் கெர்சிவீனுக்கு அருகிலும் இதே முறையில் மேலும் ஒன்பது கைதிகள் கொல்லப்பட்டார்கள். விசாரணை ஒன்றும் நடந்தது. அந்த விசாரணைக்குத் தலைமை தாங்கியவர், கெரியிலிருந்த அப்படைப்பிரிவின் தளபதியேதான். படையினர்மேல் குற்றமில்லை என்று அது முடிவு கூறியது.

சிறையிலிருந்து வெளிவந்த மக்காடில் கெரிக்குப் போனார். உயிர் தப்பியவர்களையும், பிள்ளைகளைப் பறிகொடுத்த குடும்பங்களையும் தேடிச் சென்று வாய்மொழிகளைத் திரட்டி, 1924 இல் 'கெரியின் துயரங்கள்' என்ற சிறுநூலை வெளியிட்டார். போர் ஓய்ந்த மறு ஆண்டிலேயே, வென்றவர்கள் ஆட்சியில் இருக்கும்போதே, கொல்லப்பட்டவர்களின் பெயர்களும் இடங்களும் நாட்களும் இப்படி அச்சேறின. சாட்சியம் சேகரிப்பது எவ்வளவு ஆபத்தான வேலை என்பதை யாழ்ப்பாணத்தவருக்கு எவரும் விளக்கவேண்டியதில்லை, அதற்காக உயிரைக் கொடுத்தவர்களையும் இந்த ஊர் அறியும். பிற்காலத்தில் அயர்லாந்து அரசு 1947 இல் தொடங்கி 1,773 பேரின் வாக்குமூலங்களைத் திரட்டியபோது, அவற்றின் கால எல்லை 1921 ஆடி மாதத்துப் போர்நிறுத்தத்துடன் முடிந்துவிட வேண்டும் என்று வகுத்தது. அண்ணன் தம்பி சண்டையைப் பற்றி அரசு எவரையும் கேட்கவில்லை. திரட்டியவற்றையும் பூட்டிவைத்து 2003 இல்தான் திறந்தார்கள். புல்லர் பின்னாளில் பாராளுமன்ற உறுப்பினராகவும் இருந்தவர், ஆயினும் அந்தச் சந்தியைப் பற்றிப் பொதுவெளியில் வாய்திறந்தது 1980 இல் ஒரு தொலைக்காட்சி நேர்காணலில்தான். இந்த நீண்ட மௌனத்துக்கு முன்னால் வைத்துப் பார்க்கும்போதுதான் 1924 ஆம் ஆண்டின் அந்தச் சிறுநூலின் மதிப்பு தெரியும்.

பலவீனம் என்று நான் சொன்னதும் அதே இடத்தில்தான் இருக்கிறது. அவருடைய துயரம் தன் தரப்பாரின் துயரம். பங்குனி 7 ஐ முழு வெளிச்சத்தில் காண்பவருக்குப் பங்குனி 6 நிழலில்தான் தெரிகிறது. அந்த ஐந்து படையினருக்கும் தாய்மார் இருந்தார்கள், அவர்களிற் சிலர் அதே மாவட்டத்துப் பிள்ளைகள். முதல் நாள் நடந்தது மறுநாள் நடந்ததை நியாயப்படுத்தாது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் வாசகர் இரண்டு நாட்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். அதற்கு மக்காடில் மட்டும் போதாது.

சிறுநூலிலிருந்து பெருநூலுக்கு வர அவருக்குப் பத்து வருடத்துக்கு மேல் பிடித்தது. இடையில் 1926 இல் டி வலேரா ஃபியனா ஃபோல் கட்சியைத் தொடங்கியபோது அதன் செயற்குழுவில் இருந்தார். மறு ஆண்டு அக்கட்சி சத்தியப்பிரமாணப் பத்திரத்தில் ஒப்பமிட்டுச் சபைக்குள் சென்றபோது விலகினார், ஆனால் தலைவருடனான நட்பை விலக்கவில்லை. கட்சிப் பத்திரிகைக்கு நாடக விமர்சனம் எழுதினார், ஜெனீவா சென்று சர்வதேச சங்கத்தின் அலுவல்களைப் பற்றியும் எழுதினார். 1937 இல் இலண்டனில் கொலான்ஸ் பதிப்பகம் 'அயர்லாந்துக் குடியரசை' வெளியிட்டது. ஏறத்தாழ ஆயிரம் பக்கங்கள் கொண்ட அந்நூலுக்கு, அப்போது ஆட்சித் தலைவராக இருந்த டி வலேராவே முன்னுரை எழுதினார். 1916 முதல் 1923 வரையான காலத்தை நாள்வாரியாக, ஆவணங்களைக் கோத்துச் சொல்லும் நூல் அது. அதைச் சிலர் டி வலேராவின் வழக்கறிஞர் எழுதிய பிரமாணம் என்றே சொல்வார்கள். அப்படிச் சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. உடன்படிக்கையை ஏற்றவர்களின் மனத்தை அவர் உள்ளிருந்து பார்க்கவில்லை. பசியாலும் களைப்பாலும் சண்டை வேண்டாம் என்று நினைத்த சாதாரண சனங்களும் அவருடைய கதையில் ஓரமாகத்தான் நிற்கிறார்கள்.

ஆனால் முன்பாதி கறையானுக்குப் போன பிரதியை வைத்திருந்தவள் என்பதால் எனக்கு வேறொன்றும் தெரியும். தம் பக்கத்தை நிறுவ விரும்புபவர் பொதுவாகச் செய்வது, தமக்கு உதவும் வரியை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுவதுதான். மக்காடில் உடன்படிக்கையையே முழுவதுமாகப் பின்னால் அச்சிட்டு வைத்தார். அவரோடு உடன்படாதவர், அவருடைய தீர்ப்பைக் கிழித்தெறிந்துவிட்டு, அவர் தந்த ஆவணங்களை வைத்தே அவரை எதிர்த்து வாதாடலாம். நான் பல வருடங்கள் அந்த நிலையில்தான் இருந்தேன்: அவருடைய குரல் கேட்காமல், அவர் வைத்த சான்றுகளை மட்டும் வாசித்து, உடன்படிக்கையை ஏற்றவர்களின் பக்கம்தான் நியாயம் கூடுதலோ என்று எண்ணிக்கொண்டிருந்தேன். முழு நூலையும் வாசித்த பின்னரும் அந்த எண்ணம் முற்றாகப் போகவில்லை. தன்னோடு முரண்படுவதற்கான கருவியைத் தானே வாசகரின் கையில் தந்த ஒருவரைப் பக்கச்சார்பானவர் என்று மட்டும் சொல்லி மூடிவைக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆவணங்களை இப்படிச் சேர்த்து வைக்கவேண்டிய தேவை அந்த நாட்டுக்கு ஏன் வந்தது என்பதையும் சொல்லவேண்டும். உள்நாட்டுப் போரின் மூன்றாம் நாளான 1922 ஆனி 30 இல், டப்ளினின் நான்கு நீதிமன்றக் கட்டடத் தொகுதியிலிருந்த பொது ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது. நூற்றாண்டுக் கணக்கான சாசனங்கள், குடிசன மதிப்பீட்டுப் பதிவுகள், மரணசாசனங்கள், தேவாலயப் பதிவேடுகள் எல்லாம் சாம்பலாகி நகரத்தின்மேல் பறந்தன. கட்டடத்தைக் கைப்பற்றி வெடிபொருட்களை உள்ளே வைத்திருந்தவர்கள் மக்காடிலின் தரப்பினர். பீரங்கியால் அடித்தவர்கள் அரசுத் தரப்பினர். யார் பொறுப்பு என்ற வாதம் நூறு வருடமாக ஓயவில்லை. இதை வாசிக்கும் யாழ்ப்பாணத்தவர் எவருக்கும் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்த 1981 மே 31 இரவு நினைவுக்கு வரும். இரண்டையும் ஒன்றென்று நான் சொல்ல மாட்டேன். அங்கே நடந்தது சண்டையின் நடுவில். இங்கே எரிந்தது, மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தலுக்கு நான்கு நாள் இருக்கையில், ஒரு சண்டையும் நடவாத கட்டடத்தில் வேண்டுமென்றே மூட்டப்பட்ட தீயில் 97,000 வரையான நூல்கள். எங்கள் நூலகத்தின் முன்னால் நிற்கும் சிலைகளில் ஒன்று அயர்லாந்தில் பிறந்த லோங் அடிகளாருடையது. சம்பத்திரிசியார் கல்லூரியின் அதிபராக இருந்து, அந்த நூலகம் எழ உழைத்தவர் அவர். தன் நாட்டின் காப்பகம் எரிந்தபோது அவர் இருபதுகளில் இருந்த இளைஞர். எரிந்த காப்பகத்தை மீட்டெழுதும் முயற்சியாக அவர்கள் 2022 இல் இணையவழிக் கருவூலம் ஒன்றைத் திறந்தார்கள். நமக்கு 2005 முதல் 'நூலகம்' எண்ணிம நூலகம் இருக்கிறது. மலருக்காக நான் தேடிய பழைய சஞ்சிகைகள் பலவற்றை அங்குதான் கண்டெடுத்தேன்.

1937 என்ற ஆண்டுக்குத் திரும்புகிறேன். மக்காடிலின் வாழ்வில் என்னை மிகவும் கலக்குவது அந்த ஆண்டுதான். அவருடைய பெருநூல் வெளிவந்த அதே ஆண்டில் டி வலேரா புதிய அரசியலமைப்பின் வரைவை வெளியிட்டார். 1916 கிளர்ச்சியின்போது வெளியான பிரகடனம் ஆண்களையும் பெண்களையும் சேர்த்தே விளித்திருந்தது, 1922 ஆம் ஆண்டின் அரசியலமைப்பு பால் வேறுபாடின்றி எல்லாக் குடிகளுக்கும் உரிமை தந்திருந்தது. புதிய வரைவோ, பெண் தன் வீட்டு வாழ்க்கையால் நாட்டுக்கு ஆதரவு தருகிறாள் என்றும், பொருளாதார நெருக்கடியால் தாய்மார் வீட்டுக் கடமையைப் புறக்கணித்து வேலைக்குப் போகவேண்டி வராதிருக்க அரசு முயலும் என்றும் சொன்னது. இரண்டு வருடத்துக்கு முன்னரே, கைத்தொழில்களில் பெண்களின் வேலையை மட்டுப்படுத்தும் சட்டமும் வந்திருந்தது. பெண்கள் அமைப்புகள் கொதித்தெழுந்தன. பல்கலைக்கழகத்தில் அயர்லாந்தின் நவீன வரலாற்றுக்குப் பேராசிரியராக இருந்த மேரி ஹேடனும் அந்தப் போராட்டத்தின் முன்னணியில் நின்றார். (இரு வரலாற்றாசிரியைகள் ஒரே எதிர்ப்பில் சேர்ந்தது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. என்ன வாக்குறுதி தரப்பட்டது என்பதை ஆவணத்தோடு நினைவில் வைத்திருப்பது அவர்களின் தொழில்.) மக்காடில் தன் நூலுக்கு முன்னுரை எழுதிய நண்பருக்கே கடிதம் எழுதி, பெண்களின் உரிமையில் முற்போக்கான கருத்துள்ள எவரும் இந்த அரசியலமைப்பை ஆதரிக்க வழியில்லை என்றும், தேசத்துக்காக விசுவாசமாக உழைத்தவர்களுக்கு இது துயரமான இக்கட்டு என்றும் சொன்னார். சில வாசகங்கள் திருத்தப்பட்டன. வீடு பற்றிய அந்தப் பிரிவு அப்படியே நின்றது. ஆடி 1 இல் நடந்த சர்வசன வாக்கெடுப்பில் 685,105 பேர் ஆதரித்தும் 526,945 பேர் எதிர்த்தும் வாக்களித்தனர். 2024 பங்குனி 8 இல் அதை நீக்கி வேறொன்றை வைக்கக் கேட்டபோதும் ஏறத்தாழ நூற்றுக்கு எழுபத்துநான்கு பேர் மறுத்துவிட்டதால், அந்தப் பிரிவு இன்றும் அங்கே இருக்கிறது.

இவ்வளவு தெளிவாகப் பெண்களின் இழப்பைக் கண்டவர், தன் ஆயிரம் பக்கத்தில் பெண்களுக்குத் தந்த இடமோ சிறியது. குமன் நா மான் என்ற பெண்கள் அமைப்பு செய்தியும் ஆயுதமும் சுமந்தது, வீடுகளை மறைவிடமாக்கியது, நூற்றுக்கணக்கில் சிறை சென்றது. அவரும் அந்தச் சிறையில்தான் இருந்தார். ஆயினும் நூலில் பேசுபவர்கள் பெரும்பாலும் ஆண்கள், முடிவெடுப்பவர்கள் ஆண்கள், கடிதம் எழுதுபவர்கள் ஆண்கள். அயர்லாந்துத் தேசியப் போராட்டப் பெண்களையே மையமாக வைத்து மார்கிரட் வோட் எழுதிய நூல் 1983 இல்தான் வந்தது. அரசியல் வரலாறு என்றால் சபைகளும் உடன்படிக்கைகளும் தளபதிகளும் என்ற அந்தக் காலத்தின் அளவுகோலை மக்காடில் கேள்வியின்றி ஏற்றுக்கொண்டார் என்றுதான் நான் கருதுகிறேன். தன்னை முன்னிறுத்தினால் நூலின் நம்பகம் குறையும் என்ற அச்சமும் அதில் இருந்திருக்கலாம். ஒரு பெண், அதுவும் சிறை மீண்ட பெண், வரலாறு எழுதுகிறாள் என்றால் முதலில் அவள் மறைக்கப் பழகுவது தன்னைத்தான் போலும்.

அவருடைய பிற்காலத்தை நான் விரைவாகக் கடக்கிறேன், அதில் சுவை குறைவு என்பதால் அல்ல, இந்தப் பதிவின் கேள்விக்கு அது அப்பால் என்பதால். இரண்டாம் உலகப் போரின்போது அயர்லாந்து நடுநிலை வகித்தது, அவர் வகிக்கவில்லை. நாசிசத்துக்கு எதிரான பக்கமே தன் பக்கம் என்று இலண்டன் சென்று, அகதிகளுக்காக உழைத்தார், பீபீசியிலும் பணிபுரிந்தார். பேய் வீடு ஒன்றைப் பற்றி அவர் எழுதிய நாவல் 1944 இல் ஹொலிவூட் படமாகி, வரலாறு தராத புகழை அவருக்குத் தந்தது. போர் சிதைத்த பிள்ளைகளைப் பற்றி 'ஐரோப்பாவின் குழந்தைகள்' என்ற நூலை 1949 இல் வெளியிட்டார். 1950களில் அயர்லாந்தின் குடிசார் சுதந்திரங்களுக்கான சங்கத்துக்குத் தலைமை தாங்கினார். 1958 மார்கழி 23 இல் ட்ரொகெடாவில் புற்றுநோயால் இறந்தார். தன் பெருநூலின் வருமானத்தை அவர் எழுதிவைத்தது டி வலேராவுக்கு, எந்த அரசியலமைப்பை எதிர்த்தாரோ அதை ஆக்கியவருக்கே.

மலருக்கான என் கட்டுரையின் பெரும்பகுதியை எழுதி முடித்துவிட்டேன். நான் எந்தக் காலத்துக்குள் இருந்தேன், எங்கே நின்று பார்த்தேன் என்பதை முதற் பத்தியிலேயே சொல்லிவிட்டேன். வாசிகசாலையின் பழைய கூட்டக் குறிப்புகளில் கையில் கிடைத்தவற்றை, எனக்குப் பிடிக்காத தீர்மானங்கள் உட்பட, பின்னிணைப்பாகச் சேர்த்திருக்கிறேன். மாஸ்ரர் வாசித்துவிட்டு, "பின்னிணைப்பு நீண்டு போச்சு ரீச்சர், அச்சுச் செலவு கூடும்" என்றாரே தவிர, நடுநிலையைப் பற்றி மறுபடி பேசவில்லை.

ஒரு பக்கம் மட்டும் இன்னும் வெறுமையாக இருக்கிறது. 1995 இல் இந்த வாசிகசாலையின் அங்கத்தவர் பதிவேட்டையும் கூட்டக் குறிப்புக் கொப்பிகளையும் பொலித்தீனில் சுற்றி, அரிசிப் பைக்குள் வைத்துத் தென்மராட்சிக்கும் பின்னர் வன்னிக்கும் தலையிலே சுமந்து, மறுபடி கொண்டுவந்து ஒப்படைத்தவர் ஒரு பெண். அங்கத்தவர் பட்டியலில் அவருடைய பெயர் கிடையாது, வாசிகசாலையைக் கூட்டித் துப்புரவாக்க வந்தவர். இப்போது எண்பதைத் தாண்டிவிட்டார். கட்டுரையில் அவரைப் பற்றி எழுதப்போகிறேன் என்று போய்ச் சொன்னேன். "என்ரை பேர் ஏன் பிள்ளை? கொப்பி இருக்குத்தானே, அது காணும்" என்று சொல்லிவிட்டு, எனக்குத் தேத்தண்ணி வைக்க எழுந்து போனார். அச்சகத்துக்குக் கொடுக்க இன்னும் மூன்று கிழமை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மறுபடி போய்க் கேட்கவேண்டும்.